தலை ஓர் ஊரில், எலும்பு ஓர் ஊரில்



ஏதென்ஸில் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவுக்குப் பக்கத்தில் ஸாப்பியோன் என்றொரு மண்டபம் இருக்கிறது. முகப்பில் உயரமான பளிங்குத் தூண்கள், உள்ளே வட்டமான முற்றம், அதைச் சுற்றி இன்னொரு தூண் வரிசை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரும் ஒப்பந்தத்தில் 1979-ல் கிரீஸ் கையெழுத்துப் போட்டது இங்கேதான். கண்காட்சி, மாநாடு என்று ஆள் நடமாட்டம் குறையாத கட்டடம். அதன் சுவர் ஒன்றுக்குள் ஒரு மனிதரின் மண்டையோடு இருக்கிறது.

எவாங்கெலோஸ் ஸாப்பாஸ் என்பவருடையது அது. இன்று அல்பேனியாவில் இருக்கும் லபோவா கிராமத்தில் பிறந்து, ருமேனியாவில் நிலம் வாங்கிப் பெரும் பணக்காரர் ஆனவர். நவீன ஒலிம்பிக்கின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த கூபெர்த்தான் பிறப்பதற்கு முன்பே, 1859-ல், தன் பணத்தில் ஏதென்ஸில் ஒரு ஒலிம்பிக் போட்டியை நடத்த வைத்தவர். 1865-ல் ருமேனியாவிலேயே இறந்தார். முதலில் அங்கேதான் புதைத்தார்கள். பிறகு அவர் விருப்பப்படி தோண்டி எடுத்து, எலும்புகளைப் பிறந்த ஊருக்கும் தலையை ஏதென்ஸுக்கும் கொண்டுபோனார்கள். சொத்தைப் பங்கு பிரித்தவர்கள் நிறைய உண்டு. தன்னையே பங்கு பிரித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இந்த மாதம் பக்கம் முழுக்கக் கிரேக்கர்களைப் பற்றித்தான். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் ஊருக்கும் உள்ள உறவை இவ்வளவு நீளமாக, இவ்வளவு வம்புவழக்கோடு நடத்திவரும் இனம் வேறு அதிகம் இல்லை. அதிலும் அவர்கள் கதையில் ஒரு விசேஷம் இருக்கிறது. மற்றவர்களில் பலருக்கு நாடு முதலில் இருந்தது, பிறகு ஆட்கள் வெளியே போனார்கள். கிரேக்கர்கள் விஷயத்தில் வெளியே போனவர்கள்தான் நாட்டை உண்டாக்கினார்கள்.

1814-ல் கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸா துறைமுகத்தில் மூன்று கிரேக்க வியாபாரிகள் கூடி ஒரு ரகசியச் சங்கம் வைத்தார்கள். ஸ்கூஃபாஸ், ஸாந்தோஸ், சகாலோஃப். மூவரும் அப்படியொன்றும் பெரிய புள்ளிகள் இல்லை. அவர்கள் தொடங்கிய ‘நண்பர் சங்கம்’ ஊர் ஊராக ஆள் சேர்த்து, 1821-ல் துருக்கிய ஆட்சிக்கு எதிரான போராக வெடித்தது. அதற்கும் முன்னால் வியன்னாவில் உட்கார்ந்து சுதந்திரக் கிரேக்கத்துக்கு வரைபடம் அச்சடித்தவர் ரிகாஸ். ஆஸ்திரியர்கள் அவரைப் பிடித்துத் துருக்கியர்களிடம் கொடுத்துவிட, 1798-ல் பெல்கிரேடில் கொல்லப்பட்டார். புதிய நாட்டுக்கு எப்படிப்பட்ட கிரேக்க மொழி வேண்டும் என்று பாரிஸில் இருந்தபடி காலமெல்லாம் எழுதிய கொராயிஸ், ஸ்மிர்னாவில் பிறந்தவர். இவர்களில் ஒருவர்கூட ஏதென்ஸ்காரர் இல்லை. ஏதென்ஸே அப்போது அக்ரோபோலிஸ் குன்றின் அடியில் ஒடுங்கிக் கிடந்த சிற்றூர்.

சரி, நாடு கிடைத்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? மண்ணின் மைந்தர்கள் யார், வந்தேறிகள் யார் என்ற சண்டை. 1844-ல் அரசியல் சட்டம் எழுதக் கூடிய அவையில், புதிய ராஜ்யத்தின் எல்லைக்கு வெளியே இருந்து வந்த கிரேக்கர்களை அரசு வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கத் தீர்மானமே வந்தது. அதை எதிர்த்துக் கொலெத்திஸ் எழுந்து பேசினார். அவரும் எல்லைக்கு வெளியே எபிரஸ் பகுதியில் பிறந்தவர்தான். இந்தச் சின்ன ராஜ்யம் மட்டும் கிரேக்கம் இல்லை, கிரேக்கர் இருக்கும் இடமெல்லாம் கிரேக்கம்தான் என்பது அவர் பேச்சின் சாரம். பேச்சு சரித்திரத்தில் ஏறியது, தீர்மானம் நிறைவேறியது. ஒரே வருஷத்தில், ஒரே கூடத்தில், உலகத்துக் கிரேக்கர் எல்லாம் நம்மவர் என்றும் சொன்னார்கள், வந்தவனுக்கு வேலை கிடையாது என்றும் சொன்னார்கள். அடுத்த 180 ஆண்டு இந்த இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்பதுதான் கதை.

வேலை கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் பணம் வாங்கிக்கொள்ளத் தயக்கம் இருக்கவில்லை. ஏதென்ஸில் நடந்து போனால் பெயர்ப் பலகைகளே சொல்லும். வானியல் ஆய்வகமும் அறிவுக்கழகக் கட்டடமும் வியன்னாவில் வங்கித் தொழில் செய்த சினாஸ் குடும்பத்தின் கொடை. பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தை இன்றும் ‘மெத்ஸோவியோ’ என்றுதான் அழைக்கிறார்கள். மெத்ஸோவோ என்ற மலையூரிலிருந்து எகிப்துக்குப் போய்ச் சம்பாதித்தவர்களின் பணம் அது. அந்த ஊர்க்காரர்களில் பெயர் பெற்றவர் அலெக்ஸாண்ட்ரியா வியாபாரி அவெரொஃப். 1896 ஒலிம்பிக்குக்காகப் பழைய மைதானத்தைப் பளிங்கில் இழைத்துக் கொடுத்தார். இறந்த பிறகு அவர் விட்டுப்போன பணத்தையும் சேர்த்து ஒரு போர்க்கப்பல் வாங்கினார்கள். 1912-13 பால்கன் போரில் ஏஜியன் கடலைக் கிரேக்கர் கைக்குக் கொண்டுவந்தது அந்தக் கப்பல்தான். இப்போது ஏதென்ஸ் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது, அவர் பெயரோடு.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கியோஸ் தீவிலிருந்து கிளம்பி லண்டனில் கடை விரித்த ராலி சகோதரர்கள் 1851-ல் கல்கத்தாவில் அலுவலகம் திறந்தார்கள். சணல் வியாபாரத்தில் பெரும் பெயர். அந்த நிறுவனத்தின் வழியில் வந்ததுதான் பின்னாளில் டாடா குழுமத்துக்குப் போன ராலிஸ் இந்தியா. பூச்சிமருந்து டப்பாவில் அந்தப் பெயரை நம் விவசாயிகள் பார்த்திருப்பார்கள். பழைய வீடுகளின் கூடத்தில் சுற்றிய ‘ராலிஃபேன்’ மின்விசிறியும் அதே பெயர்தான். அது ஒரு தீவுக் குடும்பத்தின் பெயர் என்று யாருக்குத் தெரியும்!

அவர்களுக்கும் முன்னால், கல்கத்தா கிரேக்க வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க 1786-ல் வந்து இறங்கினார் திமித்ரியோஸ் கலானோஸ். சில ஆண்டில் காசிக்குப் போய், சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களோடு பண்டிதராக நாற்பது ஆண்டு அங்கேயே இருந்துவிட்டார். கீதையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர். 1833-ல் காசியிலேயே காலமானார். தன் சுவடிகளையும் சொத்தில் ஒரு பங்கையும் ஏதென்ஸின் கல்விக்கு எழுதி வைத்திருந்தார். அந்த ஏதென்ஸ் தலைநகர் ஆனதே அடுத்த ஆண்டுதான். அவர் விட்டு வந்தபோது அது துருக்கியர் ஆட்சியில் இருந்த ஊர். சுதந்திரக் கிரேக்கத்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. பார்க்காத நாட்டுக்கு எழுதி வைத்த உயில் அது.

இவர்கள் எல்லாம் கையில் காசு இருந்தவர்கள். காசில்லாதவர்கள் கிளம்பியது பிறகு. 1893-ல் உலர்திராட்சை விலை விழுந்தது. பெலொபொனீஸ் விவசாயி கப்பல் ஏறினான். அமெரிக்காவுக்குப் போன சில லட்சம் பேரில் பலர் சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடும் எண்ணத்தில் போனவர்கள். தங்கைக்குச் சீர் சேர்க்கப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ. கலிம்னோஸ் தீவின் கடற்பஞ்சுக் குளியாளிகள் புளோரிடாவில் டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் தங்கள் தீவையே மறுபடி கட்டிக்கொண்டார்கள். இன்றும் ஜனவரி 6 அன்று அங்கே பாதிரியார் தண்ணீரில் சிலுவையை வீச, விடலைப் பையன்கள் குதித்துத் தேடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர், அதன் வாலைப் பிடித்து வந்த உள்நாட்டுப் போர் இரண்டும் முடிந்த பிறகு இன்னொரு அலை. 1960-ல் ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். 1959 முதல் அந்த வழியில் ஓடிய கிரேக்கக் கப்பல் ஒன்றின் பெயர் ‘பாட்ரிஸ்’, அதாவது தாய்நாடு. ஊரை விட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன கப்பலுக்குத் தாய்நாடு என்று பெயர் வைத்தவர் குறும்புக்காரரா, வெகுளியா? எப்படி இருந்தாலும் அதில் ஏறியவர்கள் மெல்போர்னை கிரீஸுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய கிரேக்க நகரங்களில் ஒன்றாக ஆக்கினார்கள். கிரேக்க வம்சாவளி என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்று ஆஸ்திரேலியாவில் 4 லட்சத்துக்கு மேல்.

1956-ல் கிளம்பியவர் 1956-ஐ மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்லலாம். கிரீஸ் 1982-ல் பதிவுத் திருமணத்தைக் கொண்டுவந்தது, 1983-ல் சீதனத்தைச் சட்டத்திலிருந்து நீக்கியது. மெல்போர்ன் அம்மாவோ பெட்டி நிறைய மகளுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன பெண், ஏதென்ஸ் சித்தி மகள் இரவு பன்னிரண்டு மணிக்கு வெளியே கிளம்புவதைப் பார்த்துத் திகைத்து நின்ற கதை அந்தத் தலைமுறையில் சகஜம். ஈஸ்டர் கிரேக்கர்களுக்கு வசந்த காலப் பண்டிகை. பெரிய வெள்ளியன்று ஏசுவின் பாடையைப் பூவால் மூடுவார்கள். மெல்போர்னில் அது இலையுதிர் காலம். ஆனாலும் பூவுக்குக் குறை வைப்பதில்லை. எங்கிருந்தாவது வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஜெர்மன் தொழிற்சாலை விடுதிகளில் அன்று ஒலித்த குரல் கசான்ட்சிடிஸுடையது. அகதிக் குடும்பத்துப் பிள்ளை, ஆலையில் வேலை பார்த்தவர். அந்நிய மண்ணின் துயரத்தை அவர் பாடினால் ஆண்கள் அழுதார்கள். 1965-லேயே மேடை ஏறுவதை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு இசைத்தட்டு மட்டும்தான். ஊரில் இருந்தவர்களும் அதே பாட்டைக் கேட்டு அழுதார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மகனை அனுப்பியவர்களுக்கும் அது சொந்தப் பாட்டு.

இனி ஒரு தீவுக்கு வருகிறேன். கிரீஸின் கிழக்குக் கோடியில், துருக்கிக் கரைக்கு எதிரே சுமார் 2 கிலோமீட்டரில் காஸ்டெலோரிசோ. லாட வடிவத் துறைமுகம், அதைச் சுற்றி மாடத்தோடு மஞ்சளும் நீலமுமாக வீடுகள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இருந்தார்கள். கப்பல் வைத்து வியாபாரம் செய்த ஊர். பிறகு பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று கை மாறியது. எதிர்க்கரை வியாபாரமும் அற்றுப்போக, ஆட்கள் பெர்த்துக்கும் சிட்னிக்கும் கிளம்பினார்கள். மிச்சம் இருந்தவர்களைப் போரில் குண்டு விழுந்தபோது 1943-ல் பிரிட்டிஷ் படை கப்பலேற்றியது. அவர்களில் பலரைக் கொண்டுபோய்த் தங்க வைத்த இடம் காசாவின் நுசைராத் முகாம். இன்று நாம் செய்தியில் கேட்கும் அதே நுசைராத்தான். காலியாக இருந்த ஊரில் 1944-ல் தீப்பிடித்துப் பாதி வீடுகள் போயின. 1945-ல் திரும்பி வரக் கிளம்பியவர்களின் கப்பலும் நடுக்கடலில் எரிந்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் கூரையில்லாத சுவர்களைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியச் சொந்தங்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

இன்று அந்தத் தீவில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஆஸ்திரேலியாவில் அந்தத் தீவின் வம்சாவளி அதைப் போல் பல மடங்கு. தங்களைக் ‘காஸி’கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கோடையில் வருகிறார்கள். தாத்தாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பழுது பார்க்கிறார்கள். துறைமுகத்தில் வரிசையாக மின்னும் பல வீடுகள் அவர்கள் பணத்தில் எழுந்தவை. அதிலும் சிக்கல் உண்டு. ஒரு வீட்டுக்குப் பேரன் பேத்திகள் டஜன் கணக்கில், மூன்று கண்டங்களில். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஓடுகூட மாற்ற முடியாது. பளபளக்கும் வீட்டுக்கு அடுத்து, உள்ளே அத்திமரம் முளைத்த சுவர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் துறைமுகம் 2010 ஏப்ரல் 23 அன்று உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் வந்தது. பின்னால் தண்ணீரும் படகும் தெரிய, பிரதமர் ஜார்ஜ் பாப்பாண்ட்ரேயு நின்று, நாட்டால் கடன் சுமையைத் தாங்க முடியவில்லை, ஐரோப்பாவிடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் உதவி கேட்கிறோம் என்று அறிவித்தார். அவர் பிறந்தது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில். அப்பா ஆண்ட்ரேயாஸ் அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, பிறகு ஊர் திரும்பித் தானும் பிரதமர் ஆனவர். வெளியே பிறந்த பிள்ளை, ஆட்கள் வெளியேறிய தீவில் நின்று சொன்ன அந்தச் செய்திக்குப் பிறகு அடுத்த வெளியேற்றம் ஆரம்பித்தது. 2013-ல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. இந்த முறை போனவர்கள் திராட்சைத் தோட்டக்காரர்கள் இல்லை, டாக்டர்கள், பொறியாளர்கள். பத்தாண்டுக்குள் சில லட்சம் பேர். அவர்களைத் திரும்பக் கூப்பிட அரசு இப்போது ஆசை காட்டுகிறது: வந்து வேலை பார்த்தால் ஏழு ஆண்டுக்கு வருமான வரியில் பாதி தள்ளுபடி. போகாமல் இருந்து சம்பள வெட்டையும் ஓய்வூதிய வெட்டையும் தாங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவருக்கு வயிறு எரியாதா?

திரும்பி வந்தவர்களை ஊர் எப்படி வரவேற்றது என்பதும் பெருமைப்படக்கூடியதாக இல்லை. 1922-ல் ஸ்மிர்னா எரிந்து, அடுத்த ஆண்டு லோசான் ஒப்பந்தப்படி துருக்கியோடு மக்கள் பரிமாற்றம் நடந்தபோது 12 லட்சம் பேர் கிரீஸுக்குள் வந்தார்கள். பலருக்குத் துருக்கி மொழிதான் தெரியும். ‘துருக்கி விதை’ என்று திட்டினார்கள். அகதிகள் தொடங்கிய கால்பந்து அணிகள்தான் ஏஇகேயும் பாவோக்கும். இரண்டு பெயரிலும் கடைசி எழுத்து, இழந்த கான்ஸ்டான்டிநோபிளுக்கு உரியது. இன்று அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தும் இளைஞன் எத்தனாவது தலைமுறையோ! ஸ்டாலின் மத்திய ஆசியாவுக்கு விரட்டிய, கருங்கடல் ஓரத்துப் பொந்தஸ் கிரேக்கர்களின் பிள்ளைகள் 1990-களில் கஜகஸ்தானிலிருந்து வந்தார்கள். அங்கே அவர்கள் கிரேக்கர். இங்கே இறங்கியதும் ‘ருஷ்யர்’ ஆகிவிட்டார்கள்.

வெளியே இருப்பவர்களும் குற்றமற்றவர்கள் இல்லை. தூரத்தில் இருப்பவரின் தேசப்பற்று கெட்டியாகவே இருக்கும். அதன் விலையை அவர் கொடுக்க வேண்டியதில்லை. 1967-ல் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தபோது வெளிநாட்டுக் கிரேக்கர்கள் பலர் எதிர்த்து நின்றார்கள். நடிகை மெலினா மெர்கூரி குடியுரிமையே பறிக்கப்பட்டும் அடங்கவில்லை. அதே நேரத்தில் கிரேக்கத் தகப்பனுக்குப் பிறந்த அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆக்னியூ 1971-ல் அந்த அதிகாரிகளிடமே விருந்தாளியாகப் போய், அப்பாவின் ஊரையும் பார்த்துவிட்டு வந்தார். மாசிடோனியா என்ற பெயரைப் பக்கத்து நாடு வைத்துக்கொள்ளலாமா என்ற தகராறில் மெல்போர்ன் தெருவில் கூடிய கூட்டம், ஏதென்ஸ் எந்தச் சமரசத்துக்கும் இறங்கக் கூடாது என்றது. 2018-ல் ஏதென்ஸ் இறங்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டுக்காரனோடு அன்றாடம் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.

இதெல்லாம் மனதில் இருந்தால்தான் ஓட்டுரிமைக் கதை புரியும். வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் அங்கிருந்தே ஓட்டுப் போடச் சட்டம் செய்யலாம் என்று 1975 அரசியல் சட்டத்திலேயே இடம் இருந்தது. சட்டம் வந்தது 2019 டிசம்பரில். 44 ஆண்டு! 300 பேர் கொண்ட அவையில் 288 பேர் ஆதரித்தார்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிபந்தனையைப் பாருங்கள்: கடந்த 35 ஆண்டில் 2 ஆண்டாவது கிரீஸில் இருந்திருக்க வேண்டும், அங்கே வரிக் கணக்கும் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2023 மே மாதம் நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முதன்முறையாக வெளிநாட்டு வாக்குச்சாவடிகள் திறந்தபோது பதிவு செய்திருந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 22,800 பேர். ஒரு பெரிய கால்பந்து மைதானத்தை நிரப்பக்கூடக் காணாது. அந்த ஜூலையில் நிபந்தனைகளை எடுத்தார்கள். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தபால் ஓட்டும் வந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? எந்தக் கட்சிக்கு ஆதாயம் என்ற கணக்கு ஒரு பக்கம். நியாயமான பயமும் இருந்தது: உள்ளே இருக்கும் கோடிப் பேரின் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும், அங்கே வாழாத கூட்டம் தீர்மானிப்பதா? என்னைக் கேட்டால், வரி கட்டி வாழ்பவனின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். ஆனால் குடியுரிமை கொடுத்து, காசு வாங்கி, ஒலிம்பிக் மைதானமும் போர்க்கப்பலும் பெற்றுக்கொண்ட பிறகு, உன் கருத்து மட்டும் வேண்டாம் என்று இத்தனை காலம் சொல்லியிருக்கக் கூடாது. ஊரில் இரண்டு ஆண்டு இருந்தாயா என்று கேட்ட சட்டத்தின் முன்னால் ஒடெஸ்ஸாவின் மூவரும் வந்து நின்றிருந்தால், ஒருவராவது திரும்பிப் போயிருப்பார்.

நம் இதழுக்குச் சந்தா கட்டுபவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். இன்னும் சிலர் உங்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் ஒரே கேள்வி. உங்கள் ஊர்க் கோயில், பள்ளி, நூலகம் எதற்காவது வெளியிலிருந்து பணம் வந்திருந்தால், அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்தது யார்? சண்டை வந்ததா, வந்தால் எப்படித் தீர்ந்தது? இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். ஊர்ப் பெயர் இருக்கலாம். ஆட்களின் பெயர் வேண்டாம். அனுப்பியவர் கடிதமும் பெற்றவர் கடிதமும் ஒரே ஊரிலிருந்து வந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்